கவிஞரை வெளியேற்றிய கவிஞர்

நூலகத்தில் தத்துவ நூல்கள் ஓர் அலமாரியிலும் கவிதை நூல்கள் வேறோர் அலமாரியிலும் இருக்கின்றன. தத்துவத்தை ஒரு துறையினர் கற்பிக்கின்றனர். கவிதையை வேறொரு துறையினர் கற்பிக்கின்றனர். இப்பிரிவு இயற்கையானது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் மேலைநாட்டுச் சிந்தனைக்குத் தொட்டிலாக விளங்கிய பண்டைக் கிரேக்கத்தில் இப்பிரிவு தொடக்கத்தில் இல்லை. நெடுநாள் நடந்த ஒரு வழக்கின் விளைவாகவே அது தோன்றியது. அவ்வழக்கில் கவிதையின்மேல் குற்றம் சாட்டியவர் பிளேட்டோ. கவிதையின் சார்பில் விடை பகர்ந்தவர் அவர் மாணவராகிய அரிஸ்டாட்டில்.

இலக்கியத்தை முதன்மைப் பாடமாகவும் தத்துவத்தைத் துணைப்பாடமாகவும் பயிலும் எனக்கு இவ்வழக்கில் தனி அக்கறை உண்டு. "கவிதை படித்து என்ன பயன்?" என்ற கேள்வியைச் சந்திக்காத இலக்கிய மாணவன் எங்கேனும் உண்டோ? கேலிக்காகக் கேட்பவரிடம் ஒரு புன்னகையோடு விலகிச் சென்றுவிடலாம். பிளேட்டோவைப் போன்ற ஒருவர் கேட்கும்போது அவ்வாறு விலகிச் செல்ல இயலாது. அவர் கேட்டது என்ன? ஏன் கேட்டார்? கிடைத்த விடை போதுமானதா? இம்மூன்றையும் இக்கட்டுரையில் எனக்கு விளங்கிய அளவில் எடுத்துரைக்கிறேன்.

ஹோமர் என்னும் ஆசிரியர்

கிரேக்க மக்களுக்கு வேதம் போன்றதொரு மறைநூல் இருந்ததில்லை. அவ்விடத்தை நிரப்பியவை ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி என்னும் இரு காவியங்களே. கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் இவை உருப்பெற்றன என்பது பொதுவான கருத்து. சிறுவர்கள் இவற்றை மனப்பாடம் செய்தனர். ஏதென்ஸ் நகரின் பெருவிழாவாகிய பானதீனியாவில், காவியம் ஓதுவதையே தொழிலாகக் கொண்ட பாடகர்கள் இவற்றை மக்கள்முன் ஓதினர். தந்தை தன்னை நல்ல மனிதனாக்க விரும்பி ஹோமர் முழுவதையும் கற்கச் செய்தார் என்றும், இரு காவியங்களையும் இன்றும் மனப்பாடமாக ஒப்பிக்க முடியும் என்றும் நிகெராட்டஸ் என்ற இளைஞன் கூறுவதாகச் செனபோன் தம் 'விருந்து' என்னும் நூலில் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அத்தந்தை தம் மகனை இலக்கியச் சுவைஞனாக்க விரும்பவில்லை. நல்ல மனிதனாக்க விரும்பினார். போரில் எப்படி நடந்துகொள்வது, விருந்தினரை எப்படி வரவேற்பது, இறந்தோர்க்கு எப்படி அழுவது, தெய்வங்கள் எத்தகையோர் என்பன யாவும் ஹோமரிடமிருந்தே கற்கப்பட்டன. கிரேக்க நாட்டுக்கே கல்வி புகட்டியவர் ஹோமர் என்று அவரைப் புகழ்வோர் கூறுவதைப் பிளேட்டோவே குறிப்பிடுகிறார். ஆகவே கவிஞர் என்ற சொல் கிரேக்கர் செவியில் ஏறக்குறைய ஆசிரியர் என்றே ஒலித்தது எனலாம்.

ஹோமருக்கு அடுத்து வைத்து எண்ணப்பட்டவர் ஹெசியாட். உழவையும் அறத்தையும் பற்றி ஒரு நூலும், தெய்வங்களின் பிறப்பைப் பற்றி ஒரு நூலும் அவர் பாடினார். ஹெலிகான் மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தமக்குக் கலைத்தேவியராகிய மியூஸ்கள் பாடக் கற்பித்தனர் என்பது அவர் கூற்று. உண்மை போலத் தோன்றும் பொய்களைச் சொல்லவும் தங்களுக்குத் தெரியும். விரும்பினால் உண்மையைச் சொல்லவும் தெரியும் என்று அத்தேவியர் அவரிடம் கூறினராம். அப்படியானால் கேட்பவன் எது உண்மை, எது பொய் என்று எவ்வாறு பிரித்தறிவான்? பின்னாளில் மூண்ட வழக்கின் விதை இக்கேள்வியிலேயே கிடக்கிறது.

செய்யுளில் பிறந்த தத்துவம்

கவிஞர்களை முதலில் கடிந்தவர்களுள் ஒருவரும் ஒரு கவிஞரே என்பது வியப்புக்குரியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த செனாபனீஸ் ஊர் ஊராகச் சென்று தம் பாடல்களைப் பாடியவர். மக்களிடையே இழிவெனக் கருதப்படும் களவு, பிறன்மனை விழைதல், வஞ்சகம் ஆகியவற்றை ஹோமரும் ஹெசியாடும் தெய்வங்களின்மேல் ஏற்றிவிட்டனர் என்று அவர் சாடினார். எருதுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கைகள் இருந்து ஓவியம் தீட்டவும் வந்தால், அவை தத்தம் உருவிலேயே தெய்வங்களைத் தீட்டும் என்றும் எள்ளி நகையாடினார். இவ்வளவையும் அவர் கூறியது செய்யுளில்தான்.

எபீசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ் உரைநடையில் எழுதியவர். ஹோமரைப் போட்டி அரங்குகளிலிருந்து வெளியேற்றி அடிக்க வேண்டும் என்று அவர் சீறினார். எனினும் அவருடைய உரைநடை விடுகதை போலவும் தெய்வவாக்குப் போலவும் செறிவுற்றது. கவிதையைத் திட்டியவரின் எழுத்திலேயே கவிதை புகுந்துவிட்டது.

தர்க்கத்தின் தந்தை என்று சிலரால் போற்றப்படும் பார்மனிடீஸ், ஹோமர் கையாண்ட அதே ஆறுசீர் அடியில்தான் தம் தத்துவத்தைப் பாடினார். குதிரைகள் இழுக்கும் தேரில் ஏறி, கதிரவனின் புதல்வியர் வழிகாட்ட, இரவும் பகலும் சந்திக்கும் வாயிலைக் கடந்து அவர் ஒரு தேவியிடம் செல்கிறார். உண்மையின் வழியையும் மாந்தரின் வெறுங்கருத்துகளையும் தேவி அவருக்கு விளக்குகிறாள். ஹெசியாடுக்கு மியூஸ்கள், பார்மனிடீஸுக்கு ஒரு தேவி. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தான் சொல்வதை அப்படியே நம்பும்படி இத்தேவி கேட்கவில்லை. தன் வாதத்தை அறிவைக் கொண்டு எடைபோடும்படி கூறுகிறாள். தெய்வவாக்கு வாதமாக மாறும் தருணத்தை நாம் இங்கே காண்கிறோம். அத்தருணம் ஒரு கவிதைக்குள்ளேயே நிகழ்கிறது.

சிசிலித் தீவின் எம்பிடாக்ளிஸும் செய்யுளிலேயே எழுதினார். நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கு வேர்களை அன்பு சேர்க்கிறது, பகை பிரிக்கிறது என்பது அவர் கண்ட உலக விளக்கம். இயற்கையைப் பற்றி ஒன்றும், ஆன்மாவின் வீழ்ச்சியையும் தூய்மையையும் பற்றி மற்றொன்றுமாக அவர் இருவேறு நூல்களைப் பாடினார் என்று அறிஞர் பலர் கருதிவந்தனர். பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த பாபிரஸ் ஏட்டுத் துணுக்குகள் எம்பிடாக்ளிஸின் பாடலே எனக் கண்டறியப்பட்டு 1999இல் வெளியிடப்பட்டன. அவற்றில் இவ்விரு பொருள்களும் பின்னிக் கிடந்தமை கண்டு அப்பிரிவினையே ஐயத்துக்கு உள்ளாயிற்று. அறிவியலையும் சமயத்தையும் கவிதையையும் தனித்தனியே அறுத்து வைப்பது நம் வழக்கமேயன்றி அவர் வழக்கமன்று போலும்.

பகையின்றி உறவு கொண்டாட முயன்றோரும் இருந்தனர். கவிஞர் வெளிப்படையாகச் சொல்வது ஒன்று, உட்பொருள் வேறொன்று என்று அவர்கள் விளக்கம் கூறினர். தெசலோனிக்கி நகருக்கு அருகில் டெர்வேனி என்னுமிடத்தில் 1962இல் ஈமத் தீயில் கருகிய ஏட்டுச் சுருள் ஒன்று கிடைத்தது. ஆர்பியஸ் பெயரால் வழங்கிய ஒரு பாடலுக்கு எழுதப்பட்ட உரை அதில் இருக்கிறது. தெய்வங்களைப் பற்றிய அப்பாடலை, காற்றையும் வெப்பத்தையும் அறிவையும் பற்றிய இயற்கைத் தத்துவமாக அவ்வுரையாசிரியர் மாற்றிப் பொருள் காண்கிறார். கவிதையைக் காப்பாற்ற அதைத் தத்துவமாக்கிவிடுவது ஒரு வழி. பிளேட்டோ இவ்வழியை ஏற்கவில்லை. மறைபொருள் எது, வெளிப்படைப் பொருள் எது என்று சிறுவனுக்குப் பிரித்தறியத் தெரியாது என்பது அவர் காட்டிய காரணம்.

சாக்ரடீஸ் கேட்ட கேள்வி

கி.மு. 423இல் அரிஸ்டோபனீஸ் இயற்றிய 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. அதில் சாக்ரடீஸ் கூடையில் தொங்கிக்கொண்டு வானத்தை ஆராய்பவராகக் காட்டப்பட்டார். கி.மு. 399இல் அவர் நீதிமன்றத்தில் நின்றபோது அந்நாடகம் தம்மேல் படியச்செய்த கறையை நினைவூட்டினார் என்று பிளேட்டோ எழுதுகிறார். குற்றம் சாட்டிய மூவருள் மெலிட்டஸ் என்பவர் கவிஞர்களின் சார்பாகச் சினங்கொண்டவர் என்றும் அந்நூல் கூறுகிறது. தம் ஆசிரியரின் உயிர் போனதில் ஒரு கவிஞனின் கேலிக்கும் பங்கு உண்டு என்ற நினைவு பிளேட்டோவை விட்டு நீங்கவில்லை என்று கருத இடமுண்டு.

சாக்ரடீஸ் கவிஞர்களிடம் கேட்டது எளிய கேள்வியே. "நீங்கள் பாடியதன் பொருள் யாது?" என்றார். அருகில் நின்றவர்கள் சொன்ன அளவுக்குக்கூட அவர்களால் விளக்க முடியவில்லையாம். ஆகவே அவர்கள் பாடுவது அறிவினால் அன்று, ஆவேசத்தினால் என்று அவர் முடிவு கட்டினார். 'அயோன்' என்னும் சிறு நூலில் இதற்கு அழகியதோர் உவமை வருகிறது. காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை ஈர்க்கிறது. அவ்வளையம் அடுத்த வளையத்தை ஈர்க்கிறது. மியூஸ் தேவியே காந்தம். கவிஞன் முதல் வளையம். காவியம் பாடுவோன் அடுத்த வளையம். கேட்போர் கடைசி வளையம். இவ்வுவமை கவிஞனைப் புகழ்கிறதா, இகழ்கிறதா? இரண்டும் செய்கிறது. தெய்வத்தோடு அவனைத் தொடுக்கிறது. அதே வேளையில், "நீ அறியாமலே பேசுகிறாய்" என்றும் சொல்லிவிடுகிறது.

மூன்று குற்றச்சாட்டுகள்

'குடியரசு' என்னும் நூலில் குற்றச்சாட்டு முழுமை பெறுகிறது. அதனை மூன்றாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, கவிஞர்கள் தெய்வங்களையும் வீரர்களையும் பற்றித் தவறானவற்றைக் கற்பிக்கின்றனர். மகன் தந்தையை ஊனப்படுத்திய தெய்வக் கதையைக் கேட்டு வளரும் சிறுவன் எதைக் கற்றுக்கொள்வான்? இறந்தபின் கிடைக்கும் அரசைவிட மண்ணுலகின் கூலிவாழ்வே மேல் என்று அக்கிலிஸின் ஆவி புலம்புவதைக் கேட்டு வளரும் இளைஞன் நாட்டுக்காக எப்படி உயிர் கொடுப்பான்? இளமையில் பதிந்தது அழியாது என்பதே பிளேட்டோவின் அச்சம்.

இரண்டாவது, கவிஞன் உண்மையிலிருந்து விலகி நிற்கிறான். கட்டிலை எடுத்துக்கொள்வோம். கட்டில் என்பதன் மூல வடிவம் ஒன்று. அதனை நோக்கித் தச்சன் செய்யும் மரக்கட்டில் ஒன்று. அக்கட்டிலின் தோற்றத்தை ஓவியன் தீட்டுவது மற்றொன்று. கவிஞனும் ஓவியனைப் போன்றவனே. தளபதியைப் பற்றிப் பாடுகிறான், போர்த்தொழில் அறியான். மருத்துவனைப் பற்றிப் பாடுகிறான். நோய் தீர்க்க அறியான். இதனையே 'போலச் செய்தல்' என்று பிளேட்டோ குறை கூறினார்.

மூன்றாவதே மிகக் கூர்மையானது. மகனை இழந்த நல்லவன் ஒருவன் பிறர்முன் தன் துயரை அடக்கிக்கொள்கிறான். அதனைப் பெருமை என்கிறோம். ஆனால் நாடக அரங்கில் ஒரு வீரன் மார்பில் அடித்துக்கொண்டு கதறும்போது நாமும் உடன் கலங்கி மகிழ்கிறோம். நம்மை அதிகமாக அழவைத்த கவிஞனை மிகச் சிறந்தவன் என்று புகழ்கிறோம். நம் வாழ்வில் எதனை அடக்க முயல்கிறோமோ அதற்கே அரங்கில் நீரூற்றி வளர்க்கிறோம். பிறர் துயரில் வளர்த்த கண்ணீரை நம் துயரில் அடக்குவது எளிதாகுமா? சிரிப்பும் சினமும் அவ்வாறே வளரும் என்கிறார் அவர்.

எல்லாவற்றையும் நடித்துக் காட்டவல்ல கவிஞன் நம் நகருக்கு வந்தால், அவன் தலையில் நறுமணத் தைலம் பூசி, மாலை சூட்டி, வேறு நகருக்கு அனுப்பிவிடுவோம் என்பது தீர்ப்பு. தெய்வங்களைப் போற்றும் பாடல்களுக்கும் நல்லோரைப் புகழும் பாடல்களுக்கும் மட்டும் அந்நகரில் இடமுண்டு.

இத்தீர்ப்பு நமக்குக் கசப்பாகவே இருக்கிறது. அரசே கதைகளைத் தணிக்கை செய்யும் நகரில் வாழ நம்மில் யார் விரும்புவோம்? கார்ல் பாப்பர் 1945இல் வெளியிட்ட நூலில் பிளேட்டோவைத் திறந்த சமுதாயத்தின் பகைவராகவே கண்டார். ஆனால் எரிக் ஹேவ்லாக் 1963இல் எழுதிய 'பிளேட்டோவுக்கு ஒரு முன்னுரை' வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. எழுத்து முழுமையாக வேரூன்றாத காலத்தில் கவிதையே சமுதாயத்தின் நினைவுக் களஞ்சியமாக இருந்தது. கேட்டுக் கேட்டு, அப்பாத்திரமாகவே ஆகி, ஒப்பித்து ஒப்பித்துக் கற்றனர். "இது ஏன்?" என்று நின்று கேட்க அங்கே இடமில்லை. அக்கல்வி முறையையே பிளேட்டோ எதிர்த்தார் என்பது ஹேவ்லாக்கின் விளக்கம். அவருடைய முடிவுகள் அனைத்தையும் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. எனினும் வழக்கின் மையம் 'யார் ஆசிரியர்?' என்பதே என்று காட்டிய வகையில் அவர் நூல் எனக்குப் பெரிதும் உதவியது.

குற்றம் சாட்டியவரும் கவிஞரே

தத்துவத்துக்கும் கவிதைக்கும் பழம்பகை உண்டு என்று கூறிய பிளேட்டோவின் கைகளைச் சற்று உற்று நோக்குவோம். இளமையில் அவர் துன்பியல் நாடகங்கள் இயற்றினார் என்றும், சாக்ரடீஸின் பேச்சைக் கேட்டபின் அவற்றைத் தீயிலிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருப்பினும் அவர் எழுதியவை உரையாடல்கள். நாடகப் பாத்திரங்களின் பேச்சுகள். குகைக்குள் விலங்கிடப்பட்டு நிழல்களைக் காணும் மாந்தரைப் பற்றிய உருவகத்தை எழுதியவர் அவரே. கவிஞரை வெளியேற்றிய அதே 'குடியரசு', இறந்து மீண்ட எர் என்னும் வீரனின் கதையோடுதான் முடிகிறது. 'பீட்ரஸ்' என்னும் நூலில், மியூஸ்களின் பித்து ஏறாமல் வெறும் பயிற்சியை நம்பிக் கவிதையின் வாயிலுக்கு வருபவன் வெற்றி பெறான் என்று அவரே எழுதுகிறார்.

இன்னும் ஒன்று. 'பீடோ' என்னும் நூல் சாக்ரடீஸின் கடைசி நாளைச் சொல்கிறது. கலை பயிலுமாறு கட்டளையிடும் கனவு ஒன்று அவருக்கு வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டிருந்ததாம். தத்துவமே தலைசிறந்த கலை என்று எண்ணி அவர் தத்துவத்திலேயே ஈடுபட்டிருந்தார். சிறைப்பட்டபின், ஒருவேளை கனவு கவிதையைத்தான் குறித்ததோ என்று ஐயுற்று, அப்போலோவின்மேல் ஒரு துதி பாடினார். ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கினார். நஞ்சுக் கோப்பையை எதிர்நோக்கியிருந்த நாள்களில் தத்துவத்தின் தந்தை செய்யுள் யாத்துக்கொண்டிருந்தார் என்று எழுதியவர் கவிதையின் வெறும் பகைவராக இருக்க முடியுமா?

முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலில் இது இன்னும் வெளிப்படையாகிறது. துன்பியல் கவிஞர்கள் நகருக்குள் வர இசைவு கேட்டால், நாங்களும் கவிஞர்களே, எங்கள் அரசமைப்பே மிகச் சிறந்த வாழ்வைப் போலச் செய்யும் நாடகம், நீங்கள் எங்களுக்குப் போட்டியாளர்கள் என்று விடை கூற வேண்டும் என்கிறார். அயலானிடம் போட்டி எழுவது அரிது. ஒரு தொழில் செய்வோரிடையேதான் போட்டி எழும்.

அரிஸ்டாட்டிலின் விடை

அரிஸ்டாட்டில் 17 வயதில் பிளேட்டோவின் அகாதெமியில் சேர்ந்து 20 ஆண்டுகள் அங்கிருந்தவர். அவருடைய 'கவிதையியல்' பிளேட்டோவின் பெயரைச் சொல்லி வாதிடவில்லை. ஆயினும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதில் விடை இருக்கிறது.

போலச் செய்தல் குறையா? மனிதனின் இயல்பே அது என்கிறார் அவர். குழந்தை தன் முதற்பாடங்களைப் போலச் செய்தே கற்கிறது. நேரில் கண்டால் அருவருக்கும் பிணத்தையும் இழிந்த விலங்கையும் ஓவியத்தில் நுணுக்கமாகத் தீட்டியிருந்தால் விரும்பிப் பார்க்கிறோம். காரணம், கற்றல் எல்லோர்க்கும் இன்பம் தருவது.

கவிஞன் உண்மையிலிருந்து விலகியவனா? நடந்ததைச் சொல்பவன் வரலாற்றாசிரியன். நடக்கக்கூடியதைச் சொல்பவன் கவிஞன். இத்தகைய மனிதன் இத்தகைய சூழலில் இவ்வாறுதான் பேசுவான், செய்வான் என்ற பொதுமையை அவன் காட்டுகிறான். ஆகவே வரலாற்றைவிடக் கவிதை தத்துவத்துக்கு நெருங்கியது என்பது அவர் முடிவு. செய்யுள் வடிவம் மட்டும் ஒன்றைக் கவிதையாக்காது. ஹெரடோட்டஸின் நூலைச் செய்யுளாக்கினாலும் அது வரலாறே. ஹோமருக்கும் எம்பிடாக்ளிஸுக்கும் யாப்பைத் தவிர வேறு பொதுமை இல்லை. முன்னவர் கவிஞர், பின்னவர் இயற்கை ஆய்வாளர். நம் நூலக அலமாரிகள் பிரிந்த இடம் இதுவே எனலாம்.

உணர்ச்சியைக் கவிதை கெடுக்கிறதா? துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றின் 'கதார்சிஸ்' நிகழச் செய்கிறது என்கிறார். இச்சொல்லை அவர் அந்நூலில் விளக்கவில்லை. உணர்ச்சியின் வெளியேற்றம் என்பர் சிலர். தூய்மை என்பர் சிலர். தெளிவு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், சோபக்ளிஸின் ஈடிபஸ் தான் தேடிய குற்றவாளி தானே என்று அறியும்போது நமக்கு ஏற்படும் நடுக்கம் நம்மைக் கெடுப்பதன்று. மனித வாழ்வு எத்தகையது என்று உணர்த்துவது.

இதே நூலின் தொடக்கத்தில், போலச் செய்யும் கலைகளுக்கு எடுத்துக்காட்டுக் கூறும்போது, சாக்ரடீஸைப் பாத்திரமாகக் கொண்ட உரையாடல்களையும் அரிஸ்டாட்டில் சேர்த்துக்கொள்கிறார். பிளேட்டோவின் பெயரைக் கூறாமலே, "ஐயா, தாங்களும் அக்கலையைச் சார்ந்தவரே" என்று மாணவர் பணிவோடு சுட்டிவிட்டார் என எனக்குத் தோன்றுகிறது.

வழக்கு முடிந்ததா?

அரிஸ்டாட்டில் வென்றுவிட்டார் என்று கூறி முடிக்க இலக்கிய மாணவர்க்கு ஆசை வரும். ஆனால் பிளேட்டோவின் அச்சத்தில் ஒரு பகுதி இன்னும் தீராமலே நிற்கிறது. அரிஸ்டாட்டில் பேசியது பெரும்பாலும் நன்கு அமைந்த நாடகத்தையும், அதனை அறிவோடு காண்பவனையும் பற்றி. பிளேட்டோ கவலைப்பட்டது பத்து வயதுச் சிறுவனைப் பற்றி. கேள்வி கேட்கக் கற்குமுன் பாட்டைக் கேட்டுவிட்டவனைப் பற்றி. திரைப்படம் இளைஞரைக் கெடுக்கிறதா என்ற விவாதம் எழும்போதெல்லாம், "அது வெறும் பொழுதுபோக்குத்தானே" என்று விடை கூறுவோர் உளர். அவ்விடையைப் பிளேட்டோவும் ஏற்கமாட்டார், அரிஸ்டாட்டிலும் ஏற்கமாட்டார். கதையும் பாட்டும் மனிதனை உருவாக்குகின்றன என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. கவிதையை நாடு கடத்தியவர் அதன் ஆற்றலை எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பதை எண்ணும்போது, பாராட்டிவிட்டு மறந்துபோகும் நம் பழக்கம் எனக்குச் சிறிதாகப்படுகிறது.

'குடியரசின்' 10ஆம் பகுதியில், தீர்ப்புக் கூறிய பின்னும் பிளேட்டோ கதவை முழுவதும் அடைக்கவில்லை. கவிதை தன் சார்பில் பாடலாகவே வாதாடித் திரும்பி வரலாம் என்கிறார். தாம் கவிஞராக இல்லாவிடினும் கவிதையை நேசிப்பவர்கள் அதன் சார்பில் உரைநடையில் பேசலாம் என்றும் இசைவு தருகிறார். கவிதை இன்பம் தருவது மட்டுமன்று, நாட்டுக்கும் மனித வாழ்வுக்கும் பயன் தருவது என்று அவர்கள் காட்ட வேண்டும். காட்டினால் மகிழ்ச்சியோடு கேட்போம், அதனால் நமக்கும் ஆதாயமே என்கிறார்.

கவிஞராக இல்லாதவர், ஆயினும் கவிதையை நேசிப்பவர், உரைநடையில் பேசுபவர். இவ்விலக்கணம் யாருக்குப் பொருந்தும்? வகுப்பறையில் ஒரு பாட்டை எடுத்து விளக்கும் பேராசிரியருக்குப் பொருந்தும். அதனைக் கேட்டு, ஐயம் எழுப்பி, தேர்வுத்தாளில் விடை எழுதும் மாணவர்க்கும் பொருந்தும். நம் ஒவ்வொரு பாடவேளையும் அவ்வழக்கின் ஒரு விசாரணை நாள். பொருள் உணராமல் ஒப்பிப்போமாயின் பிளேட்டோ சாட்டிய குற்றத்தை நாமே மெய்ப்பித்துவிடுவோம். "இது உண்மையா? இது என்னை எத்தகையவனாக்குகிறது?" என்று கேட்டுப் படிப்போமாயின், அவர் காத்திருந்த வாதத்தை ஓரளவேனும் எடுத்துரைத்தவர் ஆவோம்.